அறுவைக்குப் பிறகு பிடித்த உணவுக்குத் திரும்புவது எப்படி?

கைக்கரண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எடையைக் குறைக்க வயிற்றின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை எனக்கு முடிந்து இந்த வாரத்தோடு பதினான்கு வாரங்கள் ஆகின்றன. இதுவரை 19 கிலோ குறைந்திருக்கிறேன். முதலில் திரவம், அடுத்து கூழ், அதற்கடுத்து மென்மையான உணவு என்று ஒவ்வொரு படியையும், சொன்ன தேதிக்கு ஒரு நாள்கூட முந்தாமல் கடந்து வந்தேன். ஒன்பதாவது வாரப் பரிசோதனையில், "இனி வழக்கமான உணவு சாப்பிடலாம்" என்று சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முதல் எட்டு வாரத்தை மில்லிலிட்டர் கணக்கில் எழுதித் தந்தவர்கள், மிச்சமுள்ள ஆயுளை ஒரே வரியில் முடித்துவிட்டார்களே என்பது என் மனக்குறை.

அந்த வரிக்குப் பிறகும், பயத்தினால், முட்டை, மீன், தயிர், வேகவைத்த பருப்பு ஆகிய நான்கையே சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டு வந்தேன். எனக்குப் பிடித்தவையோ வேறு: வெண்ணெய் தடவிய ரொட்டி, சூடான சோறு, இனிப்பு. சென்ற ஞாயிற்றுக்கிழமை துணிந்து, அன்று வாங்கிய மிருதுவான ரொட்டியில் அரைத் துண்டை எடுத்தேன். முதல் கடி இறங்கியது. இரண்டாவது கடி நெஞ்சுக்குழிக்கு மேலே வந்து நின்றுகொண்டது. உள்ளேயிருந்து யாரோ கையை மடக்கி அழுத்துவதைப் போல இருந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, மூக்கு ஒழுகியது, விக்கலும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும் என்று ஒரு மிடறு குடித்தேன். வலி இரட்டிப்பானதுதான் மிச்சம். கடைசியில் ரொட்டி வெளியே வரவில்லை, வெறும் நுரையாக வாந்தி வந்தது. நாற்பது நிமிடம் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, நொந்துபோன மனதுக்கு ஆறுதலாக இரண்டு கரண்டி ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இரண்டு கரண்டி. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு கோப்பை முழுவதும் தீர்ந்துவிட்டது. எது எனக்கு ஒத்துக்கொள்கிறது என்று குறித்துவைக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் "ஒத்துக்கொள்ளாதவை" என்ற பக்கத்தில் ரொட்டியையும், "ஒத்துக்கொள்பவை" என்ற பக்கத்தில் ஐஸ்கிரீமையும் எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால், இரண்டு பக்கமும் இடம் மாறிக் கிடப்பதுபோல ஒரு சந்தேகம். பிடித்த உணவுகளை மறுபடி சேர்க்கத் தொடங்கியபோது நீங்கள் எந்த வரிசையில், எந்த அளவில் தொடங்கினீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும்.

மூன்றாம் ஆண்டு எழுதியது:

உங்கள் சந்தேகம் சரியானதுதான். அந்த நோட்டில் எழுதிய கையோடு உங்களுக்கே அது உறுத்தியிருக்கிறது என்பதால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

நான் இரைப்பை பைபாஸ் (வயிற்றைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் எடைக்குறைப்பு அறுவை) செய்துகொண்டு மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. முதல் ஆண்டில் நானும் உங்களைப் போலவே வலி தருவது கெட்டது, வலி தராதது நல்லது என்று பிரித்து வைத்திருந்தேன். இறைச்சி சிக்கியது, அதை விட்டேன். சோறு நெஞ்சில் நின்றது, அதையும் விட்டேன். உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் எந்தத் தொல்லையும் தரவில்லை. வாயில் வைத்து மென்றால் கரைந்து, வந்த சுவடே தெரியாமல் இறங்கிவிடும். பத்து நிமிடத்தில் மறுபடி இடம் காலியாகிவிடும். ஒரு 100 கிராம் பொட்டலத்தில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதை ஒரே வேளையில் சாப்பிட என்னால் முடியாது, ஆனால் பிற்பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட நன்றாகவே முடிந்தது. இரண்டாம் ஆண்டின் முடிவில் 9 கிலோ திரும்பி வந்தது. அந்த 9 கிலோவில் ஒரு கிராம்கூட எனக்கு வலி தந்த உணவினால் வரவில்லை.

எங்கள் கூட்டத்தில் இதை "வழுக்கு உணவு" என்போம். ஐஸ்கிரீம், பிஸ்கட், வறுவல், சாக்லெட், இனிப்புப் பானம் எல்லாம் இந்த வகை. சிறிய வயிறு செய்ய வேண்டிய வேலையே உணவைப் பிடித்துவைத்து "போதும்" என்று சொல்வதுதான். கரைந்து ஓடிவிடுவதை அதனால் பிடிக்க முடிவதில்லை. உங்கள் ரொட்டி உங்களுக்கு ஒரு பாடம் சொன்னது, கொஞ்சம் முரட்டுத்தனமாக. ஐஸ்கிரீம் எதுவுமே சொல்லவில்லை. பயப்பட வேண்டியது அந்த மௌனத்துக்குத்தான்.

உறுதிமொழி எழுதியது:

மற்றவர்கள் பூசி மெழுகுவார்கள் என்பதால் நான் நேராகச் சொல்கிறேன். முதல் ஓர் ஆண்டுக்கு ரொட்டி, சோறு, சர்க்கரை மூன்றையும் தொடக்கூடாது. எடை தானாக இறங்கும் காலம் பன்னிரண்டு மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரைதான். அந்தக் காலத்தை இனிப்பைச் சோதித்துப் பார்ப்பதில் செலவழிப்பது, நல்ல மழைக்காலத்தில் விதைக்காமல் இருப்பதற்குச் சமம். நான் பதினாறு மாதமாக இப்படித்தான் இருக்கிறேன், 47 கிலோ குறைந்திருக்கிறேன், எந்தக் குறையும் இல்லை.

உணவுத்தட்டு எழுதியது:

நான் எடைக்குறைப்பு அறுவைக்குப் பிந்தைய உணவு ஆலோசனையில் சில ஆண்டுகளாக வேலை செய்பவள். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் உடலை அறிந்த மருத்துவக் குழு வேறு விதமாகச் சொன்னால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் கைக்கரண்டியின் ரொட்டிக்கு வருகிறேன். ஸ்லீவ் அறுவையில் வயிற்றின் ஏறத்தாழ முக்கால் முதல் ஐந்தில் நான்கு பங்கு வரை நீக்கப்பட்டு, ஒரு குறுகலான குழாய் மிஞ்சுகிறது. விரிந்து கொடுக்கும் மேல்பகுதி போய்விடுவதால் அந்தக் குழாயில் அழுத்தம் அதிகம். மிருதுவான புது ரொட்டி எச்சிலோடு சேர்ந்தவுடன் மறுபடி மாவாகிப் பந்துபோலத் திரண்டுவிடும். நன்றாகக் குழையாத சோறும், பாஸ்தாவும் இதே வகையில்தான் தொல்லை தருகின்றன. அதே ரொட்டியை மெல்லியதாக வெட்டி, மொறுமொறுப்பாக வாட்டினால் மெல்லும்போது துகளாக உடைகிறது. பலருக்கு அந்த வடிவில் ஒத்துக்கொள்கிறது. எனவே "ரொட்டி ஒத்துக்கொள்ளாது" என்று எழுதாமல், "புது ரொட்டி, பெரிய கடி, பதினான்காம் வாரம்" என்று எழுதுங்கள். நோட்டில் உணவின் பெயரை மட்டும் எழுதினால் அது தீர்ப்பாகிவிடுகிறது. எந்த வடிவம், எவ்வளவு, எவ்வளவு நேரத்தில், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் பின்னால் பயன்படும். ரொட்டி அடைபட்டிருந்தபோது தண்ணீர் குடித்ததும் தவறு, ஆனால் அது எல்லோரும் ஒரு முறை செய்யும் தவறு. அடைபட்டிருக்கும் இடத்துக்கு மேலே ஊற்றும் தண்ணீர் எங்கே போகும்? எழுந்து மெதுவாக நடந்தபடி, அது தானாக விலகக் காத்திருப்பதே நல்லது. மூக்கு ஒழுகுவதும் விக்கலும் "நிறுத்து" என்பதற்கான அடையாளங்கள் என்பதைப் பலர் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். சிலருக்குத் தும்மல் வரும், சிலருக்கு ஒரு பெருமூச்சு வரும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று கவனித்துவிட்டால், வலி வரும் வரை போக வேண்டியதில்லை.

இனி வரிசை. நான் யாருக்கும் தடைப்பட்டியல் கொடுப்பதில்லை, கணக்குதான் கொடுக்கிறேன். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். உங்களுக்கு இப்போது ஒரு வேளைக்கு அரைக் கோப்பை அளவே இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது, வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராம் இருக்கிறது, அரைக் கோப்பை சோற்றில் 2 கிராம் இருக்கிறது. சோற்றில் விஷம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அரைக் கோப்பை இடத்தை அது முழுவதுமாக எடுத்துக்கொண்டால் அன்றைய கணக்கு விழுந்துவிடும். ஆகவே முதலில் புரதத்தைச் சாப்பிடுங்கள், அடுத்து காய்கறி. இரண்டும் போக இடம் இருந்தால் உங்களுக்குப் பிடித்த உணவில் இரண்டு கரண்டி. இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் அளவைக் கட்டுப்படுத்தும் வேலையை வயிறே பார்த்துக்கொள்ளும்.

சோதனை முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் ஒரு புது உணவுதான். அதுவும் வீட்டில் இருக்கும் நாளில், பகல் வேளையில். விருந்திலோ பயணத்திலோ இரவு படுக்கப் போகும் முன்போ வேண்டாம். சிறிய கரண்டி, சிறிய கடி, ஒரு கடிக்கு இருபது முறையாவது மெல்லுவது, ஒரு வேளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். மூன்றாம் மாதத்தில் சிக்கிய உணவு எட்டாம் மாதத்தில் சாதாரணமாக இறங்குவதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற நார்மிக்க இறைச்சிக்குத்தான் பொறுமை அதிகம் தேவை. ஆரஞ்சுச் சுளையின் தோல், நார் மிகுந்த காய்கறித் தண்டு, பாப்கார்ன் ஆகியவற்றையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதிமொழி அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் முறை உங்களுக்குப் பலித்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் ஓர் ஆண்டு முழுவதும் ஒதுக்கிவைத்த உணவை, பசியும் கொள்ளளவும் ஓரளவு திரும்பிவிட்ட பதினான்காம் மாதத்தில் முதன்முதலாகச் சந்திப்பவர்கள் தடுமாறுவதையும் நான் பார்க்கிறேன். வயிறு உதவிக்கு இருக்கும் காலத்திலேயே அளவோடு சாப்பிடப் பழகுவதில் ஒரு நன்மை இருக்கிறது.

புதுப்பாதை எழுதியது:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு பைபாஸ் ஆகி ஐந்து மாதம். நேற்று சாக்லெட் கலந்த பால் ஒரு குவளை குடித்தேன். கால் மணி நேரத்தில் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது, வியர்த்துக் கொட்டியது, வயிறு முறுக்கியது, படுக்காமல் இருக்க முடியவில்லை. அது சரியாகி எழுந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கைகள் நடுங்கின, கண் இருட்டியது. இரண்டும் ஒன்றுதானா? இனி இனிப்பு என்பதே என் வாழ்வில் கிடையாதா?

உணவுத்தட்டு எழுதியது:

இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு பிள்ளைகள். வயிற்றின் அடிவாயில் பைலோரஸ் என்ற ஒரு கதவு இருக்கிறது. உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்கு அனுப்புவது அதன் வேலை. ஸ்லீவில் அந்தக் கதவு அப்படியே இருக்கிறது. பைபாஸில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை, அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு நேராகச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. அடர்த்தியான சர்க்கரைக் கரைசல் மொத்தமாகக் குடலில் கொட்டும்போது, அதை நீர்க்கச் செய்ய இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. குடல் ஹார்மோன்களும் ஒரே நேரத்தில் சுரக்கின்றன. பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வரும் படபடப்பும் வயிற்று முறுக்கும் இதனால்தான். இதற்கு முதல் வகை டம்பிங் என்று பெயர். இந்தச் சொல் எடைக்குறைப்பு அறுவையைவிட மூத்தது. வேறு காரணங்களுக்காக வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களிடம் கண்ட இந்தக் கோளாறுக்கு 1922இலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது.

ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வரும் நடுக்கம் இரண்டாம் வகை. வேகமாக ஏறிய சர்க்கரையைப் பார்த்து உடல் இன்சுலினை அளவுக்கு மிஞ்சிச் சுரந்துவிடுகிறது, அதனால் இரத்தச் சர்க்கரை கீழே விழுகிறது. இது ஒரு முறை இனிப்பினால் வந்திருந்தால் பதற்றம் வேண்டாம்; திரும்பத் திரும்ப வந்தாலோ, மயக்கம் வரை போனாலோ, வண்டி ஓட்டும்போது வந்தாலோ கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள், முடிந்தால் அந்த நேரத்துச் சர்க்கரை அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். எளிய தடுப்பு உங்கள் கையில் இருக்கிறது: இனிப்பை வெறும் வயிற்றில் தொடாதீர்கள், குடிக்கும் வடிவில் தொடவே தொடாதீர்கள். புரதம் உள்ள சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிறு துண்டு சாக்லெட் பலருக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை. பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரைகூட பைபாஸுக்குப் பிறகு சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும் என்பதால், அடுத்த முறை சர்க்கரை சேர்க்காத பாலைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். அப்போது குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாம் ஆண்டு எழுதியது:

டம்பிங் வந்தவர்கள் அதைக் காவல் நாயைப் போல நினைத்துக்கொள்வதும் உண்டு. "இனிப்பைத் தொட்டால் கடிக்கும், அதனால் எனக்குக் கவலையில்லை" என்று நானும் சொல்லித் திரிந்தேன். பைபாஸ் செய்துகொண்ட எல்லோருக்கும் அது வருவதில்லை. வந்தவர்களுக்கும் காலப்போக்கில் பெரும்பாலும் மங்கிவிடுகிறது. நாயை நம்பி வாசலைத் திறந்து போட்டுவிடாதீர்கள்.

சமையலறைக் காவலர் எழுதியது:

நான் அறுவை செய்துகொள்ளவில்லை. என் மனைவி செய்துகொண்டு நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் சமையல் என் பொறுப்பு. அவள் முன்னால் எதைச் சாப்பிடுவது என்று தெரியாமல், பிஸ்கட் டப்பாவைத் துணி அலமாரியில் ஒளித்துவைத்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். கோபப்படவில்லை, "நான் என்ன திருடியா?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு இறுக்கம். என்ன செய்வது?

மூன்றாம் ஆண்டு எழுதியது:

டப்பாவை எங்கே வைக்கலாம் என்று அவரையே கேளுங்கள், ஐயா. வீட்டிலேயே வேண்டாம் என்று அவர் சொன்னால் வாங்காதீர்கள். மேல் தட்டில் இருக்கட்டும் என்று சொன்னால் அங்கே வையுங்கள். என் வீட்டிலும் இதே கதை நடந்தது. ஒளித்துவைத்த உணவைத் தேடி எடுத்து, நின்றபடி அவசரமாகத் தின்ற நாட்கள்தான் எனக்கு மிக மோசமானவை. அவருக்குப் பிடித்த ஒன்றை அவரோடு சேர்ந்து, சின்னத் தட்டில், உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கதவடைப்பு எழுதியது:

எல்லோரும் "மென்று சாப்பிடுங்கள், பழகிவிடும்" என்று சொல்வதால் ஒரு எச்சரிக்கையை இங்கே பதிய விரும்புகிறேன். எனக்கு பைபாஸ் முடிந்து ஐந்தாவது வாரத்தில் மென்மையான உணவு சிக்கத் தொடங்கியது. ஆறாவது வாரத்தில் கூழும் சிக்கியது. தொலைபேசியில் கேட்டபோது, வேகமாகச் சாப்பிடுகிறேன், பழகிவிடும் என்று பதில் வந்தது. நானும் என் மீதே பழியைப் போட்டுக்கொண்டு இன்னும் மெதுவாகச் சாப்பிட்டேன். ஏழாவது வாரம் தண்ணீரே தங்கவில்லை. எண்டோஸ்கோபியில் பார்த்தால், பையும் குடலும் சேரும் தையல் இடம் சுருங்கி, ஒரு பேனா ரீஃபில் நுழையும் அளவுக்கு மட்டுமே வழி இருந்தது. பலூனை உள்ளே விட்டு அகலப்படுத்தினார்கள். இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது. அதன் பிறகு எல்லாம் இறங்குகிறது.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான்: ஒரு புது உணவு ஒத்துக்கொள்ளாமல் போவது வேறு, நேற்று ஒத்துக்கொண்டது இன்று ஒத்துக்கொள்ளாமல் போவது வேறு. திடப்பொருளில் தொடங்கித் திரவம் வரை வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தால், அதற்கு மெல்லும் பழக்கம் காரணமாக இருக்க முடியாது. உடனே நேரில் போய் நில்லுங்கள்.

உணவுத்தட்டு எழுதியது:

மேலே உள்ள பதிவை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். இன்னொன்றும் சேர்க்கிறேன். வாந்தி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால், நீரிழப்பு மட்டும் பிரச்சினை இல்லை. தையமின் என்ற பி1 வைட்டமின் விரைவாகத் தீர்ந்துவிடும். உடலில் அதன் சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் ஆகியவை வந்தால் அது அவசரச் சிகிச்சை. அங்கே குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தையமின் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர் என்பதை வாய் திறந்தவுடன் சொல்லுங்கள்.

காபிப் பிரியர் எழுதியது:

என் கேள்வி சிறியது. காபி, சோடா, மது ஆகிய மூன்றும் யாருடைய பட்டியலிலும் வரவில்லையே?

மூன்றாம் ஆண்டு எழுதியது:

காபி எனக்கு இரண்டாம் மாதத்தில் அனுமதிக்கப்பட்டது. இரும்புச்சத்து மாத்திரையோடு மட்டும் குடிக்காதீர்கள், உறிஞ்சப்படுவதை அது கெடுக்கிறது. சோடாவின் வாயு உள்ளே விரிந்து வலிக்கும், நான் அதை மறந்தே போய்விட்டேன். மதுவை மட்டும் இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறுவைக்குப் பிறகு அது இரத்தத்தில் வேகமாக ஏறி, முன்பைவிட உயர்ந்த அளவைத் தொடுகிறது. பைபாஸுக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் மதுப் பழக்கச் சிக்கல் கூடுவதை 2012இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. உணவில் கிடைத்துவந்த ஆறுதலை வேறெங்கோ தேடும் மனம்தான் காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது என் ஊகம் மட்டுமே.

உறுதிமொழி எழுதியது:

உணவுத்தட்டு அவர்களின் பதிலை இரண்டு நாள் யோசித்தேன். புரதக் கணக்கை ஏற்கிறேன். ரொட்டியையும் சோற்றையும் ஓர் ஆண்டு தொடக்கூடாது என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னது அதிகப்படிதான். சர்க்கரையைப் பொறுத்தவரை என் நிலை மாறவில்லை. "ஒரு சிறு துண்டு சாக்லெட்" என்று எழுதுகிறீர்கள். அந்தச் சிறு துண்டோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் எனக்கு இந்த அறுவையே தேவைப்பட்டிருக்காது. வயிற்றை மாற்றினார்கள், என்னை மாற்றவில்லை. முழுவதுமாக விடுவது எனக்கு எளிது, பாதி விடுவது எனக்குக் கடினம். இப்படிப்பட்டவர்களும் இங்கே படிக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

உணவுத்தட்டு எழுதியது:

இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. சிலருக்கு அதுவே சரி.

ஏழாம் மாதம் எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வந்தேன். எனக்கு வறுத்த கோழி என்றால் உயிர். திரவ உணவுக் காலத்தில், மூன்றாவது நாள் இரவு, அதன் மொறுமொறுப்பை நினைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். ஏழாவது மாதம் என்று நானே ஒரு நாள் குறித்து, அதுவரை காத்திருந்தேன். அன்று காலையிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. வீட்டிலேயே, ஒரே ஒரு கோழிக்காலை மட்டும், தோலோடு வறுத்துத் தட்டில் வைத்தேன். முதல் கடியில் தோல் பல்லில் நொறுங்கிய சத்தம் பழைய சத்தமேதான். ஆனால் அதற்கடுத்து வந்தது எண்ணெயின் கனம் மட்டும். நாக்கின் மேல் ஒரு படலம்போல ஒட்டிக்கொண்டு, விழுங்கிய பிறகும் போகவில்லை. இன்னொரு கடி கடித்துப் பார்த்தேன், உப்பு சரியாக இருக்கிறதா என்றுகூட யோசித்தேன். கோழியில் குறை எதுவும் இல்லை. மூன்றாவது கடிக்குக் கை போகவில்லை.

வலியும் இல்லை, வாந்தியும் இல்லை. ஆனாலும் அன்று முழுவதும் யாரோ நெருங்கியவர் ஊரைவிட்டுப் போனதைப் போல வெறுமையாக இருந்தது. எடை குறைந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் கோழிக்காலுக்கு வருத்தப்படுகிறாயா என்று என் அக்கா சிரித்தாள். அவளுக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை. இங்கே யாருக்காவது விளங்குமா?

மூன்றாம் ஆண்டு எழுதியது:

நன்றாக விளங்குகிறது, தோழி. அறுவைக்குப் பிறகு கொழுப்பும் இனிப்பும் முன்புபோல இழுக்காமல் போவது பலருக்கும் நடப்பதுதான். எனக்கு அது ஏறத்தாழ ஓர் ஆண்டு இருந்தது, பிறகு பாதி திரும்பிவிட்டது. பழைய வெறி திரும்பவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். நான் முன்பு வெறுத்த புளிப்பான தயிர் இப்போது எனக்குப் பிடித்த உணவாகிவிட்டது. பிடித்தவற்றின் பட்டியல் பழையதாகவே இருக்க வேண்டும் என்று நாம்தான் பிடிவாதம் பிடிக்கிறோம். ஆனால் உங்கள் வருத்தத்தை இதைச் சொல்லி அடக்க விரும்பவில்லை. அன்றைக்கு அழத் தோன்றினால் அழுவதே முறை.

கைக்கரண்டி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி.

நோட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இப்போது இரண்டு பக்கமும் இல்லை, உணவுக்கு ஒரு வரி. ரொட்டியை மறுபடி சோதித்தேன்: ஒரு நாள் பழைய ரொட்டி, விரல் அகலத்தில் நான்கு கீற்று, நடுவிலும் ஈரம் இல்லாத அளவுக்கு வாட்டியது, முட்டைக்குப் பிறகு. இரண்டு கீற்று முடிந்தபோது மூக்கின் நுனியில் லேசாக நீர் கோத்தது. சென்ற முறை அது ஜலதோஷம் என்று நினைத்திருந்தேன். இந்த முறை தட்டைத் தள்ளிவைத்தேன். வலி வரவில்லை. வெண்ணெய் தடவிய இரண்டு கீற்று ரொட்டிக்காக ஒரு மனிதன் இவ்வளவு மகிழ முடியுமா என்று வீட்டில் கேட்டார்கள்.

ஐஸ்கிரீமுக்கும் ஒரு வரி இருக்கிறது. அரைக் கோப்பையில் ஏறத்தாழ 140 கலோரி, புரதம் 2 அல்லது 3 கிராம். இறங்கியது தெரியவில்லை, நிறைந்ததும் தெரியவில்லை. அதன் எதிரே "வீட்டில் டப்பாவாக வாங்குவதில்லை, வெளியே போகும்போது ஒரு கரண்டி, சாப்பாட்டுக்குப் பிறகு" என்று எழுதியிருக்கிறேன். இதுவரை ஒரு முறை மீறினேன், அதையும் எழுதியிருக்கிறேன்.

மிச்சம் இருப்பது சோறு. அதற்குத்தான் எனக்குப் பயம் அதிகம், ஏனென்றால் அதில்தான் ஆசையும் அதிகம். வரும் ஞாயிறு, மீனுக்குப் பிறகு, இரண்டு கரண்டி என்று முடிவு செய்திருக்கிறேன்.

உணவுத்தட்டு எழுதியது:

சோற்றை வழக்கத்தைவிடக் குழைய வேகவையுங்கள், மீனின் குழம்பை விட்டு ஈரமாக்கிக்கொள்ளுங்கள், ஆறிக் கட்டியான சோறு வேண்டாம். இரண்டு கரண்டிக்கு மட்டும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பாத்திரத்தைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கைக்கரண்டி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமைப் பதிவு: ஒன்றரைக் கரண்டி இறங்கியது. மிச்ச அரைக் கரண்டி கிண்ணத்தில் இருக்கிறது. மூக்கு ஒழுகவில்லை, விக்கல்தான் வந்தது. சோற்றின் வரியில் அதையும் குறித்துவிட்டேன்.